பக்கத்து உலகத்திலிருந்து ஓர் ஏணி

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி மல்டிவர்ஸ், பாதி ஆன்லைன் கேம். இரண்டு கட்டாகப் பிரித்து வைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். பாதி வழியில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. கலந்தபடியே தருகிறேன்.

கே: ஸ்பைடர்மேன் படத்தில் ஆளாளுக்கு எர்த்-65, எர்த்-1610, எர்த்-50101 என்று நம்பர் சொல்கிறார்கள். இந்த நம்பரையெல்லாம் யார் சார் போடுவது?
— கல்லூரி மாணவர், விருதுநகர்

ப: கதை எழுதுகிறவர்கள்தான், அவ்வப்போது தேவைக்கு ஏற்றபடி. மார்வெலின் மூல உலகமான எர்த்-616 என்ற எண் அச்சில் முதலில் வந்தது 1983-ல், அதுவும் பிரிட்டனில். ஆலன் மூர் எழுதி ஆலன் டேவிஸ் வரைந்த 'கேப்டன் பிரிட்டன்' தொடர் அது. உலகத்துக்கு ஒரு கேப்டன் பிரிட்டன் உண்டு என்று ஆகிவிட்டால், எந்தக் கேப்டன் என்று சொல்ல ஓர் அடையாளம் வேண்டுமே? கல்யாண வீட்டில் நாலு சுப்பிரமணி இருந்தால் 'மேலத்தெரு சுப்பிரமணி' என்கிறோம் இல்லையா, அந்தத் தேவைதான்.

1610 என்பது 2000-ல் தொடங்கிய அல்டிமேட் வரிசையின் உலகம். இன்னொரு ஸ்பைடர்மேனான மைல்ஸ் மொராலெஸ் 2011-ல் வந்தது அங்கேதான். 65, சிலந்தி கடித்தது பீட்டரை அல்ல, க்வென் ஸ்டேசியை என்ற உலகம். 50101, 2004-ல் காமிக்ஸில் வந்த நம்மூர் ஸ்பைடர்மேன் பவித்ர் பிரபாகருடையது.

ஆனால் 65-க்குப் பக்கத்து வீடு 66 என்று நினைத்துவிடாதீர்கள். இந்த எண்களில் வரிசை கிடையாது, தூரமும் கிடையாது. மார்வெல் திரைப்படங்களின் உலகத்துக்கு நிறுவனத்தின் கையேட்டில் 199999 என்று எண் இருந்தது. 2022-ல் வந்த இரண்டாவது டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படத்தில் அதையும் 616 என்றே சொல்லிவிட்டார்கள். இப்போது ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு. எண்ணை நம்பி உலகங்களை அடுக்க முடியாது.

கே: பிறகு எதை வைத்துத்தான் அடுக்குவது?
— புத்தகக் கடை ஊழியர், ஈரோடு

ப: நான் இரண்டு கேள்வி கேட்பேன். அந்த உலகம் நம்முடையதிலிருந்து எந்த இடத்தில் பிரிந்தது? இரண்டுக்கும் நடுவில் எது கடந்து வரலாம்?

பிலிப் கே. டிக் 1962-ல் எழுதிய 'தி மேன் இன் தி ஹை காஸில்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1933 பிப்ரவரியில் மயாமி நகரில் ரூஸ்வெல்ட்டைக் குறிவைத்து ஒருவன் சுட்டான். அவர் தப்பினார், அருகில் இருந்த சிகாகோ மேயர் குண்டடி பட்டு இறந்தார். இது நிஜ வரலாறு. நாவலில் ரூஸ்வெல்ட் செத்துப்போகிறார். அங்கே தொடங்கிய கிளை, ஜெர்மனியும் ஜப்பானும் அமெரிக்காவைப் பங்கு போட்டுக்கொள்வதில் போய் முடிகிறது. பிரிந்த இடம் தேதியோடு தெரிகிறது. அந்த உலகத்தவர் இன்னொரு உலகத்தை எட்டிப் பார்க்கும் முக்கியமான ஜன்னல், கதைக்குள் இருக்கும் ஒரு தடைசெய்யப்பட்ட நாவல்.

1967-ல் ஸ்டார் ட்ரெக்கில் வந்த 'மிரர், மிரர்' வேறு ஜாதி. எங்கே பிரிந்தது என்று அந்தக் கதை சொல்லவே இல்லை. எல்லாம் தலைகீழ்: நல்லவர்கள் கொடியவர்கள், ஸ்பாக்குக்குத் தாடி. கடந்து வருகிறவர்கள் மனிதர்கள். ஆள் மாறாட்டம்தான் கதையே.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. 1940-களில் ஃப்ளாஷ் என்ற நாயகனின் காமிக்ஸ் வந்துகொண்டிருந்தது, பெயர் ஜே கேரிக். பத்தாண்டு முடிவதற்குள் நின்றுபோனது. 1956-ல் அதே பெயரில் புது ஆளைக் கொண்டுவந்தார்கள், பாரி ஆலன். பழைய ஃப்ளாஷ் என்ன ஆனான்? 1961 செப்டம்பர் தேதியிட்ட 'தி ஃப்ளாஷ்' 123-ஆம் இதழில் கார்ட்னர் ஃபாக்ஸ் பதில் சொன்னார். அவன் பக்கத்து உலகத்தில் இருக்கிறான். இரண்டு உலகமும் ஒரே இடத்தில்தான், அதிர்வெண் மட்டும் வேறு. பாரி தன் உடம்பை வேகமாக அதிரவைத்து அங்கே போய்விடுகிறான். போய்ப் பார்த்தால், சிறுவயதில் காமிக்ஸில் படித்து வியந்த மனிதன் உயிரோடு நிற்கிறான், கொஞ்சம் நரைத்து, கல்யாணம் ஆகி. அந்த எர்த்-2 கட்டப்பட்டதற்குக் காரணம், பழைய ஆளையும் அவனைப் படித்து வளர்ந்தவர்களையும் தூக்கி எறிய மனம் வராததுதான். காமிக்ஸின் இணை உலகம் ஒரு பெரிய மனதில் பிறந்தது என்று நான் நம்புகிறேன்.

கே: அப்புறம் ஏன் அந்த ஃப்ளாஷ் காமிக்ஸ் நிறுவனம் 1985-ல் எல்லா உலகத்தையும் அழித்தது?
— விருதுநகர்காரரின் அறைத் தோழர்

ப: உலகங்கள் பெருகிப் புது வாசகருக்குத் தலை சுற்றுகிறது என்றார்கள். மார்வ் வுல்ஃப்மனும் ஜார்ஜ் பெரேஸும் 12 இதழ்களில் அத்தனையையும் இடித்து ஒரே உலகமாக்கினார்கள். சூப்பர்கேர்ள் செத்தாள், பாரி ஆலனும் செத்தான். 2007-ல் அதே நிறுவனம் 52 உலகம் இருக்கிறது என்று அறிவித்தது. வாசகர்கள் உலகங்களை விடமாட்டார்கள்.

கே: ஈரேழு பதினான்கு லோகம் என்று நாம் அப்போதே சொல்லவில்லையா ஐயா?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சிதம்பரம்

ப: சொன்னோம் ஐயா, ஆனால் அது மாடி வீடு. மேலே ஏழு, கீழே ஏழு, கட்டடம் ஒன்று. திருவாசகத்தின் திருவண்டப்பகுதி இன்னும் பெரிது. அண்டங்களின் எண்ணிக்கை நூற்றொரு கோடிக்கும் மேல் என்று கணக்குச் சொல்லி, வீட்டுக்குள் நுழையும் வெயில் கீற்றில் மிதக்கும் தூசியைப் போல அவை சிறுத்துத் தெரிவதாக மாணிக்கவாசகர் காட்டுகிறார். அந்த அளவைக்கு முன்னால் எந்தக் காமிக்ஸும் நிற்காது. இருந்தாலும் அங்கே இருப்பவை பல உலகங்கள், இணை உலகங்கள் அல்ல. இணை என்றால் இன்னொரு சிதம்பரம் வேண்டும், அதில் இன்னொரு நீங்கள் வேண்டும், அவர் கணக்கு வாத்தியாராகப் போயிருக்க வேண்டும்.

கே: நிஜத்தில் இணை உலகம் இருக்கிறதா, இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்கள் அண்ணா.
— பிளஸ் டூ மாணவி, கோவில்பட்டி

ப: இருக்கிறது, சர்வரில்.

ஒரு வரி போதாது, கொஞ்சம் பொறுத்துக்கொள் தங்கச்சி. ஹ்யூ எவரெட் 1957-ல் குவாண்டம் கணக்கிலிருந்து பல உலகக் கொள்கையை எடுத்துவைத்தார். இயற்பியலாளர்கள் இன்னும் இரண்டு கட்சி. சர்வரில் அந்தச் சண்டை இல்லை. 1997-ல் 'அல்டிமா ஆன்லைன்' வந்தபோது அத்தனை பேரையும் ஒரே உலகத்தில் அடைக்க முடியவில்லை. ஒரே பிரிட்டானியா நாட்டைப் பல நகலாக ஓட்டவேண்டி வந்தது. வடிவமைப்பாளர் ராஃப் காஸ்டர் இதற்கு ஒரு கதையே கட்டினார். 1981-ல் வந்த முதல் அல்டிமாவில் நாயகன் ஒரு மந்திரவாதியின் ரத்தினத்தை உடைப்பான். உடைந்த ஒவ்வொரு சில்லிலும் ஒரு முழு பிரிட்டானியா பிரதிபலிக்கிறது, நீங்கள் ஒரு சில்லுக்குள் வாழ்கிறீர்கள் என்றார். அதனால் அந்த விளையாட்டில் சர்வருக்குப் பெயரே 'ஷார்ட்', அதாவது சில்லு.

'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்' இன்னும் துல்லியம். 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்திருந்த நகலிலிருந்து 2013-ல் ஒரு பழைய உலகத்தை எழுப்பினார்கள். மூல உலகம் ஒரு பக்கம் வளர, இது அந்த ஆகஸ்டிலிருந்து வேறு பக்கம் வளர்கிறது. நான் கேட்கும் முதல் கேள்விக்கு, எங்கே பிரிந்தது என்பதற்கு, மாதத்தோடு பதில் இருக்கிறது.

கே: என் மகன் ஹெட்செட் மாட்டிக்கொண்டு விளையாடும்போது எதிர்ப்பக்கம் கேட்கும் வசவு தாங்க முடியவில்லை. அங்கே நல்ல மனிதர்களே கிடையாதா?
— இல்லத்தரசி, நாகர்கோவில்

ப: இருக்கிறார்கள் அம்மா. அவர்கள் வெளியே வருவதும் வராததும் பெரும்பாலும் விளையாட்டைக் கட்டியவர் கையில் இருக்கிறது. 2012-ல் ஜெனோவா சென் குழு 'ஜர்னி' என்ற விளையாட்டைச் செய்தது. பாலைவனம், தூரத்தில் ஒரு மலை, வழியில் முன்பின் தெரியாத ஒருவர். சோதனைக் கட்டத்தில் ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளும் வசதி இருந்தது. ஆட்கள் என்ன செய்தார்கள்? துணைக்கு வந்தவரைப் பள்ளத்தில் தள்ளினார்கள். சென் அவர்களைத் திட்டவில்லை. முட்டும் வசதியை எடுத்துவிட்டார். அதற்குப் பதில், அருகே வந்து தொட்டால் இருவர் கழுத்துத் துணியிலும் ஒளி ஏறும், அந்த ஒளி இருந்தால்தான் பறக்க முடியும் என்று வைத்தார். பேச வழியில்லை, எழுத வழியில்லை, ஒரு மணியோசை மட்டும். கடைசிப் பனிமலையில் இரண்டு உருவங்கள் ஒட்டிக்கொண்டு நடுங்கி நடுங்கி ஏறும். விளையாட்டு முழுக்க முடிந்த பிறகுதான் கூட வந்தவர் பெயர் திரையில் வரும்.

உங்கள் பையனுக்கு இதை வாங்கிக் கொடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள்.

கே: 'டெமன்ஸ் சோல்ஸ்', 'டார்க் சோல்ஸ்' எல்லாம் கொடூரமான கேம். அதில் முகம் தெரியாதவன் எதற்கு வந்து உதவுகிறான்?
— மென்பொருள் ஊழியர், சென்னை

ப: அது ஒரு பனிச்சாலையில் கிடைத்த யோசனை. இயக்குநர் ஹிடெடாகா மியாசாகி ஒரு பேட்டியில் சொன்னது. மலைச்சரிவில் பனி, முன்னால் போன வண்டிகள் சறுக்கி நின்றுவிட்டன. பின்னால் வந்தவர்கள் முன்வண்டியைத் தள்ள, ஒவ்வொன்றாக மேலேறின. அவருடைய வண்டியும் ஏறியது. இறங்கி நன்றி சொல்ல முடியாது, நிறுத்தினால் மறுபடி சிக்கிக்கொள்ளும். தள்ளிவிட்டவர் யார், வரிசையில் கடைசியாக நின்றவர் மேலே வந்தாரா, எதுவும் தெரியாமல் போய்விட்டார்.

2009-ல் வந்த டெமன்ஸ் சோல்ஸில் இதைத்தான் கட்டினார். ஒவ்வொருவரும் தனித்தனி உலகத்தில் இருக்கிறார்கள். பக்கத்து உலகத்துக்காரர் வெளிறிய நிழலாக ஒரு நொடி தெரிந்து மறைவார். தரையில் எழுதிவைத்த எச்சரிக்கை உங்கள் தரையிலும் ஒளிரும். அது உதவியது என்று நீங்கள் ஓர் ஓட்டுப் போட்டால், எங்கோ தன் உலகத்தில் அடிபட்டுக் கிடக்கும் அந்த எழுதியவருக்கு உயிர் ஏறும். யார் போட்டது என்று அவருக்குத் தெரியாது.

2022-ல் 'எல்டன் ரிங்' வந்தபோது தலையில் ஜாடி, இடுப்பில் ஒரு துண்டு, கையில் இரண்டு வாள், இவ்வளவோடு ஒருவர் உலகம் உலகமாகப் போனார். மலேனியா என்ற எதிரியிடம் தோற்றுத் தவித்தவர்களுக்காக அவளோடு தனியாக மோதினார். ஆயிரத்துக்கும் மேல் முறை. வெளியீட்டு நிறுவனம் அவருக்கு நிஜ வாள் ஒன்றைப் பரிசாக அனுப்பியது. தகும்.

கே: நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வியை நாங்கள் கேட்கிறோம். உலகத்துக்கு உலகம் கடந்து வருவதில் உங்களுக்குப் பிடித்தது எது?
— வாசகி, சிங்கப்பூர்

ப: ஏணி.

ஹிடெயோ கோஜிமாவின் 'டெத் ஸ்ட்ராண்டிங்', 2019. நீங்கள் ஒரு சுமைதூக்கி. முதுகில் தலைக்கு மேல் பெட்டிகள், சிதைந்த நாட்டில் ஊர் ஊராக நடந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒரு மாலை, மழையில், அளவுக்கு மீறிய சுமையோடு ஓர் ஆற்றங்கரைக்கு வந்தேன். இடுப்பளவுத் தண்ணீர், இழுப்பு அதிகம். கையில் ஏணியும் இல்லை, கயிறும் இல்லை. பொத்தானை இரண்டு பக்கமும் அழுத்தி முதுகுச் சுமையைச் சமன் செய்துகொண்டே கரையோரம் இறங்கினேன். வளைவு திரும்பியதும், ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்கு யாரோ ஏணியைக் கிடத்தி வைத்திருந்தார். மேலே ஒரு பெயர். எந்த நாடு என்று தெரியாது. தன் உலகத்தில், தன் அவசரத்துக்காகப் போட்ட ஏணி என் உலகத்தில் முளைத்திருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் படாமல் அக்கரை போனேன்.

இந்த விளையாட்டில் இன்னொருவரை நேரில் பார்க்கவே முடியாது. உங்கள் உலகத்தில் நீங்கள் மட்டும்தான். கடந்து வருவது ஏணி, கயிறு, பாலம், சாலை. சாலை போட உலோகமும் பீங்கானும் டன் கணக்கில் சுமந்துவந்து இயந்திரத்தில் கொட்ட வேண்டும். ஒருவர் பாதி கொட்டிவிட்டுப் போயிருப்பார், மீதியை நீங்கள் கொட்டுவீர்கள், மூன்றாவது ஆள் வண்டி ஓட்டுவார். பதிலுக்கு ஒரு லைக் தரலாம். அந்த லைக்கை வைத்து ஒரு பொருளும் வாங்க முடியாது. அக்கரை போன பிறகு திரும்பி நின்று அந்த ஏணிக்கு விரல் வலிக்கும்வரை லைக் போட்டேன்.

காமிக்ஸில் பக்கத்து உலகத்திலிருந்து பெரும்பாலும் ஆபத்துதான் வருகிறது. இங்கே பக்கத்து உலகத்துக்காரர் போட்ட பாதை வருகிறது. இணை உலகங்களை அடுக்கும் என் அலமாரியில் மேல்தட்டு இதற்குத்தான்.

கே: பிஜிஎம்ஐ துப்பாக்கி கேமில் நாக் ஆன டீம்மேட்டை ரிவைவ் பண்ணப் போய் நானும் அவுட். ஸ்குவாடே திட்டுகிறது. நான் செய்தது தப்பா அண்ணா?
— ஐடிஐ மாணவர், திருப்பூர்

ப: தப்பில்லை தம்பி. ரிவைவ் முடிய பத்து விநாடி ஆகும். அத்தனை நேரமும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டிருக்க வேண்டும். அதனால்தான் அதற்கு மதிப்பு. அடுத்த முறை முதலில் ஸ்மோக் போடு, அப்புறம் போ. போவதை மட்டும் நிறுத்தாதே.

கே: 'ஐடி, பாஸ்வேர்டு கொடு, ஸ்கின் ஃப்ரீயாகப் போட்டுத் தருகிறேன்' என்று கேமில் ஒருவர் என் தங்கையிடம் கேட்கிறார். பெருந்தன்மையா?
— பனியன் கம்பெனி ஊழியர், அவிநாசி

ப: திருட்டு. ரூன்ஸ்கேப் காலத்திலிருந்தே இந்த வித்தை உண்டு. 'உன் காசைக் கொடு, இரட்டிப்பாகத் தருகிறேன்' என்பார்கள். சின்னத் தொகையை உண்மையாகவே இரட்டிப்பாக்கித் தருவார்கள், பெரிய தொகை கைக்கு வந்ததும் மறைந்துவிடுவார்கள். ஏணி போட்டுவைத்தவர் என்னிடம் ஓடிபி கேட்கவில்லை. தங்கையிடம் சொல்லுங்கள்: கொடுக்கிறேன் என்று வந்து கேட்கத் தொடங்குகிறவரை உடனே பிளாக் செய்து, பெரியவர்களிடம் காட்ட வேண்டும்.

கே: விளையாட்டில் உதவி செய்வதையே வேலையாக வைத்திருப்பவர்கள் உண்டா?
— ஆம்புலன்ஸ் ஓட்டுநர், தேனி

ப: உங்கள் இனத்தார் உண்டு. 'எலீட் டேஞ்சரஸ்' என்ற விண்வெளி விளையாட்டில் நம் பால்வீதியையே, 40,000 கோடி நட்சத்திர மண்டலங்களோடு, கட்டிவைத்திருக்கிறார்கள். ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் வகை நட்சத்திரங்களிடம் போனால் கப்பல் எரிபொருளை அள்ளிக்கொள்ளலாம். மற்ற வகையிடம் போய் நின்றால் டாங்கி காலி, நடுவெளியில் சாவு. அங்கே கூப்பிட 'ஃப்யூயல் ரேட்ஸ்' என்று ஒரு தன்னார்வக் குழு இருக்கிறது. முதல் கேள்வி, ஆக்சிஜன் எண்ணிக்கை ஓடத் தொடங்கிவிட்டதா என்பது. ஆம் என்றால் உடனே வெளியேறி முகப்புத் திரையில் காத்திருக்கச் சொல்வார்கள், நேரம் அங்கே உறைந்துவிடும். ஆள் பக்கத்தில் வந்ததும் உள்ளே அழைத்து, சின்ன ட்ரோனில் எரிபொருள் அனுப்பிவிட்டுப் போய்விடுவார்கள். கட்டணம் இல்லை. தூரத்தைப் பொறுத்து அவர்கள் பயணம் மணிக்கணக்காகும், நாள்கணக்கிலும் ஆகும்.

கே: கேமில் கிடைத்த நண்பன் நண்பனா?
— பெயர் வேண்டாம், யாழ்ப்பாணம்

ப: நோர்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர் இருந்தார். டுஷேன் தசைச் சிதைவு நோய், சக்கர நாற்காலி. 2014 நவம்பரில் 25 வயதில் இறந்தார். நட்பே இல்லாமல் போய்ச் சேர்ந்தானே என்று பெற்றோர் அழுதார்கள். அவருடைய வலைப்பதிவில் தந்தை இறப்புச் செய்தியைப் போட்டதும் பல நாடுகளிலிருந்து கடிதங்கள் குவிந்தன. 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் அவர் இபெலின் என்ற பெயரில் எத்தனையோ பேருக்குத் தோள் கொடுத்திருக்கிறார். மகனோடு எப்படிப் பேசுவது என்று தவித்த ஒரு தாய்க்கு, விளையாட்டுக்குள் அவனோடு சேர்ந்திருக்க வழி காட்டியிருக்கிறார். கூட விளையாடியவர்கள் சிலர் வெளிநாடுகளிலிருந்து பயணம் செய்து அடக்கத்துக்கு வந்து நின்றார்கள். அவர் வாழ்க்கை 2024-ல் ஆவணப்படமாக வந்தது. நண்பன்தான்.

கே: 'நியர்: ஆட்டோமேட்டா' கடைசியில் கேட்கும் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? முடிவு தெரியாதவர்கள் இதைப் படிக்க வேண்டாம் என்று போட்டுவிடுங்கள்.
— வாசகர், மதுரை

ப: போட்டாயிற்று. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2017-ல் யோகோ டாரோ இயக்கியது. கடைசி முடிவில், விளையாட்டை உருவாக்கியவர்களின் பெயர்ப் பட்டியலே எதிரியாகிச் சுடும். தனியாக ஜெயிப்பது மிகக் கடினம். பலமுறை செத்த பிறகு உதவி வேண்டுமா என்று திரை கேட்கும். ஆம் என்றால் முன்பின் தெரியாத ஆட்டக்காரர்களின் கப்பல்கள் உங்களைச் சுற்றி நின்று சுடும். உங்கள் மேல் விழவேண்டிய குண்டு அவர்கள் மேல் விழும். விழும்போதெல்லாம் இன்னாரின் தரவு அழிந்தது என்று ஒரு வரி வரும். ஜெயித்த பிறகுதான் அந்த வரிக்கு அர்த்தம் புரியும். இப்போது உங்கள் முறை: உங்களைப் போல் தவிக்கும் யாரோ ஒருவருக்காக, சேமித்துவைத்த மொத்த ஆட்டத்தையும் தருவீர்களா? அவர் நன்றி சொல்லமாட்டார், உங்களுக்குப் பிடிக்காதவராகக்கூட இருக்கலாம். சம்மதம் என்றால் ஆயுதங்கள், வரைபடம், முடித்த வேலைகள் எல்லாம் ஒவ்வொரு பக்கமாகக் கண்முன் அழியும்.

ஐந்து வாரம் ஆடிச் சேர்த்தது. 'ஆம்' என்று அழுத்தினேன். மறுநாள் முதல் காட்சியிலிருந்து மீண்டும் தொடங்கினேன்.